மூச்சை வெட்டுகிற வேலை

செருப்பை வெளிய விட்டாச்சுல்லா பிரதர்? வாட்சைக் கழத்துங்க. மோதிரத்தையும் கழத்திருங்க. பெல்ட்டு வேண்டாம், அந்த பக்கிள் கிதார் முதுகுல உரசும். சட்டையும் வேண்டாம். அட, வெக்கப்படாதீங்க, இங்க நம்ம ரெண்டு பேருதான. நீங்க கம்பியில ஒரு தட்டு தட்டுறதுக்குள்ள உங்க சட்டைப் பட்டன் நாலு தட்டு தட்டியிருக்கும். மேடையில அது யாருக்கும் கேக்காது. இந்த மைக்குக்குக் கேக்கும். எனக்கும் கேக்கும்.

உக்காருங்க. நாற்காலி கிடையாது, இதுலதான். ஆமா, ஆட்டுரல்தான். கவுத்துப் போட்டு மேல சாக்கு விரிச்சிருக்கேன். நாற்காலின்னா கிரீச்சுங்கும், ஸ்டூலுன்னா ஆடும். இது ஆடாது. கொஞ்ச நேரத்துல பின்னால வலிக்கும். வலிச்சா நல்லதுதான், அசைய மாட்டீங்க.

ஃபேன் கிடையாது. ஏசியையும் அணைச்சிருதேன், அது உறுமும். மைக் சூடாகக் கொஞ்ச நேரமாகும், அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம். நீங்க மதுரையிலேருந்து பஸ் ஏறி இந்தப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கவே வேண்டாம், தெரியுமா? ஆல்பம் முழுக்க எடுத்தாச்சு. கடைசி ஒரே ஒரு கீர்த்தனைதான் பாக்கி. அதை வாசிக்காம என்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டான் ஒரு நன்றி கெட்ட பய. அவன் வாசிச்சதோட உங்க வாசிப்பை ஒட்டணும். ஒட்டுவேன். அது என் வேலை.

ஞானதிரவியம்னு பேரு. திரவியம்னு கூப்பிடுவோம். பால் சொசைட்டியில வேலை. வயசு முப்பத்தஞ்சு தாண்டிட்டு, அப்பா இல்ல, அம்மா மட்டும்தான். நம்ம சர்ச்சுல ஞாயித்துக்கிழமை கிதார் வாசிப்பான். இப்போ அவனை எனக்குப் பிடிக்காது. ஆனா பொய் சொல்ல மாட்டேன் பிரதர், அந்த விரல் கர்த்தர் குடுத்த விரல். நான்தான் கூப்பிட்டேன். "ஏல திரவியம், பாட்டு வேண்டாம், வெறும் கிதாருல கீர்த்தனை எல்லாம் எடுப்போம். அட்டையில உன் பேரைப் பெருசாப் போடுதேன், எமர்சன்னு என் பேரைச் சின்னதாப் போடுதேன்"னேன். சின்னதாப் போடுற எண்ணமெல்லாம் இல்ல, பேச்சுக்குச் சொன்னது. அவன் கண்ணு கலங்கிட்டு. அப்படி ஒரு மென்மையான பய.

முதல் டேக் எடுத்து ஹெட்போனை மாட்டிக் கேக்கேன், அய்யோ! கிதாருக்குப் பின்னால ஒரு ஆளு படுத்துத் தூங்குத மாதிரி இருக்கு. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. மூச்சு முடியுற இடத்துல ஈங்... ஈங்...னு ஒரு விசில். மெதுவா வாசிக்க வேண்டிய இடத்துலதான் அது நல்லாக் கேக்கும். "என்னல இது, கிதார் வாசிக்கியா, நாதஸ்வரம் வாசிக்கியா?"ன்னேன். அவனே கேட்டுட்டுப் பயந்துட்டான். "அண்ணே, இது நானா?"ன்னான். பின்ன நானா?

நான் விட்டுருவேனா? எல்லாச் சத்தத்துக்கும் என்கிட்ட மருந்து உண்டு பாத்துக்கிடுங்க. விரல் கம்பியில வழுக்கும்போது கீச்சுங்கும், அதுக்குத் தேங்காண்ணெய் ஒரு சொட்டு. வாய் சப்புக் கொட்டும், அதுக்கு ஒரு துண்டு கொய்யாக்காய். வயிறு கடமுடாங்கும், அதுக்குப் பட்டினி. ஆமா, காலையில சாப்பிடாம வரச் சொல்லிருவேன். சில நாளு மத்தியானமும் போயிரும். ஒரு நாளு கை நடுங்குதுன்னான். நடுங்குற கையை வச்சே எடுத்தோம், நல்லா வந்திருக்கு, அந்த ரெண்டாவது பாட்டு.

மூச்சுக்குத்தான் மருந்து இல்ல. ஈரத்துண்டை வாயில கட்டிப் பாத்தேன், அதுக்கும் அடங்கலை. மைக்கைத் தள்ளி வச்சேன், கிதார் சத்தம் மெலிஞ்சு போச்சு. அப்புறம்தான் யோசிச்சேன், மிஷினைத் திருத்துறதை விட ஆளைத் திருத்துறது லேசு. "லே, கம்பியை ஓங்கி அடிக்கிற இடம் வருதுல்லா, அங்க மட்டும் மூச்சு விடு. மத்த இடத்துல அடக்கு"ன்னேன். நானும் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன், கையில குடைக்கம்பி. தப்பான இடத்துல மூச்சு வந்துதுன்னா விலாவுல ஒரு குத்து. வேகமா இல்ல பிரதர், விளையாட்டுக்குத்தான். ஆனா சட்டை இல்லாத உடம்புல்லா, கொஞ்சம் செவந்துரும். அவன் சிரிச்சுக்கிடுவான். மொகம் நீலம் பாரிச்ச மாதிரி ஆயிரும், கண்ணுல தண்ணி நிக்கும், ஆனா சிரிப்பான்.

ஒரே ஒரு சாக்கு மட்டும் சொல்லிக்கிட்டே இருப்பான். "அண்ணே, எனக்கு இங்க வந்தாத்தான் இப்படி வருது. சர்ச்சுல வாசிச்சா வரமாட்டேங்கு."

"சர்ச்சுல உன் மூச்சை யாருல காது குடுத்துக் கேட்டா?"ன்னேன். கிதாரை எடுத்து மடியில வச்சுக்கிட்டான்.

இந்தச் செவரைத் தொட்டுப் பாருங்க. மெத்துன்னு இருக்குல்லா? வெளிநாட்டுப் பலகையை வாங்கி ஒட்டுதாங்க சில பேரு, காசு கொழுத்தவங்க. இது இலவம்பஞ்சு. ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய லாட்ஜை இடிச்சாங்க. அங்க கெடந்த மெத்தை அத்தனையையும் வண்டியில ஏத்திக் கொண்டாந்து அப்படியே செவத்துல வச்சு அடிச்சு, மேல வெல்வெட் துணி. நாலு செவரும், மேக்கூரையும். குண்டு போட்டாலும் வெளிய கேக்காது. கை வச்சா கொஞ்சம் பொடி உதிரும், அது பழைய பஞ்சு, அப்படித்தான். என் வீட்டுக்காரி வயலட் டீ கொண்டாந்தா வாசல்லயே வச்சுட்டு, முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிருவா. நடிப்பு. கூட்ட வரச் சொன்னா தும்மல் வரும், டிவி பாக்கும்போது வராது. பாட வாரவங்களும் அப்படித்தான், ரெண்டாவது பாட்டுலயே தொண்டை கட்டிட்டுங்காங்க. இந்தக் காலத்துல யாருக்கும் குரல் சாதகம் கிடையாது பிரதர்.

என்ன, இருமுதீங்க? தண்ணி வெளிய பானையில இருக்கு, குடிச்சுட்டு வாங்க. மதுரைத் தண்ணி குடிச்ச உடம்பு, ஊரு மாறினா ஒத்துக்காது.

வந்தாச்சா? உக்காருங்க. எங்க விட்டேன்? ஆங், திரவியம். அவன் கல்யாணப் பேச்சுக்கு வாரேன்.

திரவியத்துக்குப் பொண்ணு அமையாம இருந்துது. எப்படி அமையும், பால் சொசைட்டிச் சம்பளம், நாலு வார்த்தை சேந்தாப்ல பேசத் தெரியாத வாய். கடைசியில ஒரு இடம் வந்துது. தங்கையா சார்னு, ரிட்டையர் ஆன எட்மாஸ்டர். அவரு மக சுகிர்தா. நர்சு. நல்ல பொண்ணு, களையான மொகம். அவளுக்கும் வயசு ஏறிட்டு, அம்மாவைப் பாத்துக்கிட்டு வீட்டோட இருந்ததுல. அந்த அம்மா இளைப்புல கெடந்து இளைப்புலயே போய்ச் சேந்தவங்க. ராத்திரியெல்லாம் உக்காந்த மேனிக்கே இழுத்துக்கிட்டு இருப்பாங்களாம். அதனால தங்கையா சார் மாப்பிள்ளை வீட்டுல கேட்ட முதல் கேள்வியே, "உங்க வீட்டுல யாருக்கும் இளைப்பு உண்டா?"ங்கிறதுதான். "இல்லவே இல்ல"ன்னு திரவியத்தோட அம்மா பைபிள்ல அடிச்சுச் சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. பிடிச்சுப் போச்சுன்னா, சும்மா இல்ல. பய டேக்குக்கு நடுவுல அவகூட போன்ல பேசிட்டு வந்து உக்காருவான். மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். கிதாரை எடுத்தா அன்னைக்கு நல்லா வாசிப்பான், ஆனா மூச்சு இன்னும் கூடிரும். எனக்குத்தான் தலைவலி.

நிச்சயம் எங்க பாரிஷ் ஹாலுல. மைக்செட்டு நான்தான். நண்பன் வீட்டு விசேஷம், சும்மா போக முடியுமா? நான் ஒரு பரிசு தயார் பண்ணினேன். சொன்னா நீங்களே சிரிப்பீங்க. அவன் டேக்குல இருந்து வெட்டி எறிஞ்ச சத்தம் எல்லாத்தையும் நான் தனியாச் சேத்து வச்சிருந்தேன். மூச்சு, முனகல், விசில், வயித்துச் சத்தம், எச்சில் முழுங்குறது, ஒரு நாள் விட்ட ஏப்பம். எல்லாத்தையும் தாளத்துக்கு அடுக்கி, அடியில டிரம்ஸ் போட்டு ஒரு ட்ராக் ஆக்கினேன். புஸ்ஸு, புஸ்ஸு, ஈங்! புஸ்ஸு, புஸ்ஸு, ஏவ்! எத்தனை நாள் வேலை தெரியுமா அது? சாப்பாடு போடுறதுக்கு முன்னால மைக்கைப் பிடிச்சேன். "மாப்பிள்ளை ஞானதிரவியம் அவர்களின் முதல் இசை வெளியீடு"ன்னு சொல்லிட்டு பட்டனைத் தட்டினேன்.

அடேயப்பா! ஹாலே குலுங்கிட்டு. வாலிபர் சங்கத்துப் பயலுக எல்லாம் தரையில உருளுதானுவ. நடுவுல அந்த முனகல் வருதுல்லா, அது கேக்கிறதுக்கு வேற மாதிரி இருக்கும், அங்க ஆம்பளைங்க விசில் அடிச்சாங்க, பொம்பளைங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. பாஸ்டர் ஐயா கூட கர்ச்சீப்பால வாயைப் பொத்திக்கிட்டாரு. திரவியம் கோட்டு போட்டுக்கிட்டு மேடையில நிக்கான், காது வரைக்கும் செவந்து போய். சிரிக்கப் பாக்கான், உதடு ஒத்துழைக்கலை. அட, ஒரு கேலி தாங்க முடியாதா மனுஷனுக்கு? நம்மகூட பழகினவன்தான நம்மளைக் கேலி பண்ண முடியும்?

சிரிக்காத ஒரே ஆளு பொண்ணுதான். மேடையில இருந்து இறங்கி, பட்டுச்சேலையோட நேரா என் மிக்ஸர் பக்கத்துல வந்து நின்னா. "அண்ணே, இன்னொரு வாட்டி போடுங்க"ன்னா. எனக்கு ஒரே சந்தோஷம், ரசிகைன்னு நினைச்சேன். போட்டேன். அவ ஸ்பீக்கர்கிட்ட குனிஞ்சு, கண்ணை மூடிக் கேட்டா. அந்த விசில் வாற இடத்துல கையைக் காட்டி நிறுத்தச் சொன்னா. அப்புறம் மேடைக்குப் போய் அவன்கிட்ட மெதுவாக் கேட்டா, மெதுவாத்தான், ஆனா அவன் காலர்ல நான் குத்தின மைக் ஆன்ல இருந்துது. ஹாலு முழுக்கக் கேட்டுட்டு. "இந்த விசில் உங்களுக்கு எத்தனை நாளா இருக்கு?"

அவ்வளவுதான். சிரிப்பு எல்லாம் அடங்கிட்டு. தங்கையா சார் எந்திரிச்சாரு. மொகம் சாம்பலாப் போச்சு. பொண்டாட்டி சத்தம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும், பாவம். திரவியம் உளறுதான், "எனக்கு ஒண்ணும் இல்ல சார், ஸ்டுடியோவுல மட்டும்தான் வரும்." ஸ்டுடியோவுல மட்டும்! நோய் என்ன விலாசம் பாத்தா வரும்? சார் நேரா என்னைப் பாத்துக் கேட்டாரு. "எமர்சன், நீ இவனோட ஒரு வருஷமா உக்காந்திருக்க. உனக்குத்தான் நல்லாத் தெரியும். இது எப்பவும் உண்டா?"

நான் என்ன சொல்லட்டும் பிரதர்? சபைக்கு நடுவுல நிக்கேன், பாஸ்டர் இருக்காரு. பொய் சொல்லச் சொல்லுதீங்களா? "உண்டு சார், நான் எடுத்த எல்லா டேக்லயும் உண்டு"ன்னேன். ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை.

அன்னைக்கே நின்னிருக்கும். பொண்ணுதான் விடலை. "ஆஸ்பத்திரிக்கு வரட்டும், மிஷின்ல ஊதச் சொல்லிப் பாத்துருவோம்"ன்னு கூட்டிட்டுப் போனா. டாக்டர் பாத்துட்டு நெஞ்சு சுத்தமா இருக்கு, ஒரு குறையும் இல்லைன்னுட்டாரு. அவ வேலை பாக்கிற ஆஸ்பத்திரி, வேற என்ன சொல்லுவாங்க? திரும்பவும் பேச்சு கூடிட்டு. சர்ச்சுல முதல் ஓலையும் வாசிச்சாச்சு. உங்களுக்குத் தெரியும்லா, மூணு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரு பேரையும் வாசிச்சு, தடை இருந்தாச் சொல்லுங்கன்னு கேப்பாங்களே, அது.

முதல் ஓலைக்கு அப்புறம் தங்கையா சார் தனியா என்கிட்ட வந்தாரு. இந்தா, நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் நின்னாரு. "டாக்டர் ஒண்ணும் இல்லைங்காரு. மக அழுதுக்கிட்டே இருக்கா. எனக்கு மனசு கேக்கலை. நீ ஒரு யோசனை சொல்லு எமர்சன்"ன்னாரு. பெரிய மனுஷன், நம்மளை மதிச்சு வந்து கேக்காரு. நான் ஒரு யோசனையும் சொல்லலை. வெட்டாத டேக் ஒண்ணை எடுத்து, ஹெட்போனை அவரு காதுல மாட்டி, சத்தத்தைக் கூட்டி வச்சேன். "சார், காகிதத்துல என்ன வேணா எழுதலாம். இது பொய் சொல்லாது"ன்னேன். ரெண்டு நிமிஷம் கூடக் கேக்கலை. ஹெட்போனைக் கழத்தி என் கையில குடுத்துட்டு, செவத்தைப் பிடிச்சுக்கிட்டே வெளிய போனாரு. ரெண்டாவது ஓலை வாசிக்கலை.

அதுக்கப்புறம்தான் திரவியம் வந்தான். மத்தியான வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்திருக்கான், மூச்சு வாங்கலை, அதை மட்டும் சொல்லணும். வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "அண்ணே, நான் உங்கமேல கோவப்படலை. ஒரே ஒரு உதவி. சர்ச்சுல வச்சு என்னை ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி, இதே மைக்கை வச்சு எடுங்க. அங்க எனக்குச் சத்தம் வராது. அதைச் சார்கிட்ட போட்டுக் காட்டினாப் போதும். நீங்க சொன்னா நம்புவாரு. உங்க காதை ஊரே நம்புது."

எப்படி எடுப்பேன்? சொல்லுங்க, நீங்களும் விவரம் தெரிஞ்சவருதான. சர்ச்சுல மேல சீலிங் ஃபேன் கடகடங்குது, கதவு மூடாது, வெளிய பஸ் ஹாரன், ஜன்னல்ல புறா. அந்தக் குப்பைக்குள்ள ஒரு கிதாரை எடுத்து எமர்சன் எடுத்ததுன்னு வெளிய குடுத்தா என் பேரு என்னாகும்? "லே, அது நடக்காது. வேணும்னா இங்க உக்காரு, திரும்ப எடுக்கேன்"ன்னேன். "இங்க வேண்டாம்ணே"ங்கான். "இங்க இல்லைன்னா எங்கயும் இல்ல"ன்னேன். தரையில உக்காந்துட்டான். ஆம்பளை, முப்பத்தஞ்சு வயசு தாண்டினவன், என் காலைத் தொட வாரான். எனக்கு எரிச்சல் வந்துட்டு. "ச்சீ, எந்திரில! ஒரு பொம்பளைக்காக இப்படியா? போய் மொகத்தைக் கழுவிட்டு வா, கடைசிப் பாட்டு பாக்கி இருக்கு"ன்னேன்.

என் வேலையைத்தான நான் பாக்கணும்?

போனவன் போனவன்தான். வீட்டைப் பூட்டி, அம்மாவையும் கூட்டிக்கிட்டு பெங்களூருல யாரோ சொந்தக்காரன் கடைக்கு வேலைக்குப் போயிட்டான். போன் நம்பரையும் மாத்திட்டான். புது நம்பர் ஊருல ஒருத்தர்கிட்டயும் இல்ல, என்னைத் தவிர. ஏன்னா ஒரு நாளு அவனே எனக்குப் பண்ணினான். கடைசிப் பாட்டுக்கு வாரேன்னு சொல்லத்தான் பண்ணுதான்னு நினைச்சேன். பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "சுகிர்தா எப்படிண்ணே இருக்கா?"ங்கான். "அவளுக்கென்ன, வேற இடம் பேசியாச்சு, சிரிச்ச மொகமாத் திரியுதா"ன்னேன். சிரிச்சாளோ அழுதாளோ எனக்கு எப்படித் தெரியும்? அவன் மறக்கட்டுமேன்னு சொன்னதுதான்.

இடம் பேசினது உண்மை. அபுதாபியில இருக்கிற மாப்பிள்ளை. பத்திரிகையெல்லாம் அடிச்சுக் குடுத்துட்டாங்க. அப்போதான் ஒரு நாளு அவ இங்க வந்தா. நர்சு டிரெஸ்ஸோட, டூட்டி முடிச்சு நேரா. "அண்ணே, அந்த ரூமை நான் பாக்கலாமா?"ன்னா. நாலு பேரு வந்து பாக்கிற ரூம்தான, வான்னு கதவைத் திறந்து விட்டேன்.

உள்ள வந்தா. செவத்தைப் பாத்தா. கையை விரிச்சு ஒரு தட்டு தட்டினா. பொடி கொட்டுச்சு. இன்னொரு தட்டு. அப்புறம் தும்மினா பாருங்க, நிறுத்தாம. கண்ணு மூக்கெல்லாம் ஒழுகுது. "இதுக்குள்ள வச்சா அவங்களை எடுத்தீங்க? ஏசி இல்லாம, கதவைச் சாத்திக்கிட்டு?" ஆமான்னேன். "சாப்பிடாமலா? சட்டையில்லாமலா?" ஆமான்னேன், பெருமையாத்தான் சொன்னேன். "அண்ணே, இது பஞ்சுத் தூசி. இந்தத் தூசிக்குள்ள யாரை உக்கார வச்சாலும் நெஞ்சு விசில் அடிக்கும். அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. உங்க செவருதான்"ன்னு சொல்லிட்டு, இந்த ஆட்டுரல் மேல உக்காந்து அழுதா.

நர்சுல்லா. பாக்கிறதெல்லாம் நோய், தொடுறதெல்லாம் தூசி. இத்தனை வருஷமா நான் இதுக்குள்ளதான இருக்கேன், எனக்கு என்ன வந்துட்டு? காலையில கொஞ்சம் சளி கட்டும், அது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனா அழுத பொண்ணை அதட்ட முடியுமா? ஆறுதலா இருக்கட்டும்னு ஹெட்போனை மாட்டி, திரவியம் வாசிச்ச பாட்டு ஒண்ணைப் போட்டேன். நான் முழுசாச் சுத்தம் பண்ணி வச்சது. ஒரு மூச்சு கிடையாது, ஒரு கீச்சு கிடையாது, அங்க ஒரு ஆளு உக்காந்து வாசிச்சான்னே தெரியாது. கேட்டுட்டு இன்னும் அழுதா பிரதர். தேம்பித் தேம்பி. என் மிக்ஸிங்கைக் கேட்டு ஒரு ஆளு அப்படி அழுது நான் பாத்ததே இல்ல. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.

அப்புறம் மொகத்தைத் துடைச்சுட்டுக் கேட்டா. "அவங்க நம்பர் உங்ககிட்ட இருக்காண்ணே? எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவங்ககிட்ட பேசிட்டேன்னா, அப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுவேன். பத்திரிகை போனாப் போகட்டும்."

போன் என் சட்டைப் பையிலதான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. எனக்கும் ஒரு மக இருக்கா. அச்சடிச்சுக் குடுத்த பத்திரிகை, அபுதாபிக்காரன் லீவு போட்டு வாரான், ஹாலுக்கு முன்பணம் குடுத்தாச்சு, மைக்செட்டுக்கு என்கிட்டயே சொல்லியாச்சு. பெத்தவரு வயசானவரு. ஒரு குடும்பத்தை நம்ம கையால குலைக்கலாமா? "இல்லையேம்மா, என்கிட்ட இல்லையே"ன்னேன். என் மொகத்தையே கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் போயிட்டா. நல்ல காரியம் பண்ணினோம்னு அன்னைக்கு எனக்கு மனசு நெறைஞ்சு இருந்துது.

கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துது. மைக்கும் நான்தான், வீடியோவுக்குச் சத்தம் பதிஞ்சதும் நான்தான். அங்கதான் ஒரு சிக்கல். பாஸ்டர் ஐயா பொண்ணைப் பாத்து, "சம்மதமா?"ன்னு கேட்டாரு. பதில் இல்ல. திரும்பக் கேட்டாரு. அப்பவும் இல்ல. சர்ச்சே அவளைப் பாக்கு. நான் ஹெட்போன்ல கேட்டுக்கிட்டு இருக்கேன், மூச்சு மட்டும்தான் வருது. இழுத்து இழுத்து, விக்கி விக்கி, மூக்கை உறிஞ்சிக்கிட்டு. அவ வாசல் பக்கமாத் திரும்பித் திரும்பிப் பாத்தாளாம், வயலட் சொன்னா. தங்கையா சார் பக்கத்துல போய் அவ தோளைத் தொட்டாரு. அதுக்கப்புறம்தான் "சம்மதம்"ன்னா. அதுவும் ஒரு விக்கலோட.

அதை அப்படியே வீடியோவுல குடுக்க முடியுமா? காலத்துக்கும் இருக்கப் போறது. உக்காந்து வெட்டினேன். விக்கலை எடுத்தேன், உறிஞ்சலை எடுத்தேன், அந்த மூச்சு முழுக்க எடுத்தேன். பாஸ்டர் ரெண்டாவது தடவை கேட்டதையும் எடுத்துட்டேன். இப்போ கேட்டுப் பாருங்க, "சம்மதமா?"ன்னு அவரு வாயை மூடலை, "சம்மதம்!"ங்கா. அப்படி ஒரு தெளிவு. மணி அடிச்ச மாதிரி. தங்கையா சார் கேட்டுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

அந்த ஒரு துண்டை மட்டும் நான் திரவியத்துக்கும் வாட்ஸ்அப்புல அனுப்பி வச்சேன். சும்மா அங்க கெடந்து அவளையே நினைச்சுக்கிட்டு இருக்கான்ல, கேட்டாத்தான் மனசு ஆறும். ஆறினா கடைசிப் பாட்டை வாசிக்க வருவான்னு ஒரு நம்பிக்கை. கேட்டிருக்கான் பிரதர், ரெண்டு டிக்கும் நீலமா விழுந்துட்டு. இத்தனை நாளாச்சு, ஒரு வார்த்தை பதில் போடலை. இவனுக்குப் போய் நான் இவ்வளவு செஞ்சேன்.